மூன்று பின்சீற்றும் ஒரு சொல்லும்

அன்பு மகனுக்கு,

உன் புது மோட்டார் சைக்கிளின் பின்பக்கத்துக்கென்று நீ அனுப்பிய மூன்று சீற்றுகளின் படங்களும் வந்தன. கீழே, "அப்பா, இதில எது நல்லதெண்டு பாத்துச் சொல்லுங்கோ, ஓடர் குடுக்கவேணும்" என்று ஒரு வரி. ஏதாவது ஒரு இலக்கத்தை அமத்தி அனுப்பியிருந்தால் உன் வேலை அன்றைக்கே முடிந்திருக்கும். நான் அனுப்பவில்லை. அம்மாவின் முன்பள்ளிக் கொப்பி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று நாளாக இதை எழுதுகிறேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் பேசத் தொடங்கினால் நீ "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்று சொல்லிக்கொண்டே வேறு வேலை பார்ப்பாய். கடிதத்துக்கு அப்படி ஓம் போட முடியாது. அதுவும் இது பின்சீற் விஷயம். இந்த மன்னார் மாவட்டத்தில் பின்சீற்றில் என்னைவிடக் கூடப் பிழை விட்டவன் ஒருவன் இருந்தால் அவனைக் கூட்டிவா, நானும் இருந்து கேட்கிறேன்.

கலியாணம் முடிந்த கையோடு மருமகளை ஏற்றிக்கொண்டு அவளுடைய ஊரான அட்டனுக்குப் போகப்போகிறாய். மதவாச்சி, தம்புள்ள, கண்டி என்று நாள் முழுக்க ஓடி, பிறகு மலை ஏறவேண்டும். அதற்கென்றே அந்தப் பெரிய பயண மோட்டார் சைக்கிளை வாங்கியிருக்கிறாய். நல்ல வண்டி, குறை சொல்லமாட்டேன். முன்சீற்றைப் பற்றி நீ என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அது உனக்கு அமைந்துவிட்டது, ஏனென்றால் அதில் நீதான் இருந்து பார்த்தாய். பின்சீற்றையும் நீதான் பார்க்கிறாய், இப்போது என்னையும் பார்க்கச் சொல்கிறாய். அதில் இருக்கப்போகிறவள் அட்டனில் இருக்கிறாள். அவளுக்கு இந்தப் படங்களை அனுப்பினாயா? அனுப்பியிருக்கமாட்டாய். நீ என்னுடைய மகன்தானே.

நாங்கள் அக்கரையிலிருந்து திரும்பி வந்த அந்த முதல் வருடத்தை நீ எவ்வளவு ஞாபகம் வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. உனக்கு எட்டு வயது. தமிழ்நாட்டு முகாமில் பிறந்து, முகாம் பள்ளிக்கூடத்தில் படித்து, அந்த ஊர்ப் பிள்ளையாகவே பேசிக்கொண்டு வந்து இறங்கினாய். அம்மாவும் அப்படித்தான். அவளைப் படகில் ஏற்றியபோது அவளுக்கு ஏழு வயது. நான் இருபது வயதுக்கு மேல்தான் கடல் தாண்டினேன் என்பதால் என்னுடைய பேச்சு மாறவில்லை. இலுப்பைக்கடவையில் எங்கள் காணியைத் துப்பரவு செய்து தகரக் கொட்டில் போட்டுக்கொண்டு இருந்தபோது, ஒரே வீட்டில் இரண்டு தமிழ் நடந்தது. அவள் "உக்காருங்க" என்பாள், நான் "இருங்கோ" என்பேன். இங்கே இரு என்றால் அமர். அங்கே இரு என்றால் பொறு, நில். அயலில் யாராவது வீட்டுக்கு வந்து, அம்மா உள்ளேயிருந்து "இருங்க, வர்றேன்" என்று குரல் கொடுத்தால், அந்த மனுசர் நிலத்திலே சப்பாணி கொட்டி இருந்துவிடுவார்கள். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

அந்தச் சிரிப்பு ஒரு நாள் காலையில் முடிந்தது. அம்மாவை ஊர் முன்பள்ளிக்கு ஆசிரியையாக எடுத்திருந்தார்கள். மன்னாரில் சனிக்கிழமைகளில் நடக்கும் பயிற்சி வகுப்பை முடித்தால்தான் அந்த வேலை நிலைக்கும். முதல் வகுப்புக்குப் போகும் நாள். நான் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. நீ பெற்றோல் தாங்கிமேல் ஏறி, ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு அரசன் மாதிரி இருந்தாய். அம்மா புதுச் சீலை கட்டியிருந்தாள். ஒரு காலைக் கம்பியில் வைத்து, ஒரு பக்கமாக ஏறத் தெண்டித்துக்கொண்டு, "இருங்க, இருங்க" என்றாள். "இரு" என்றது மட்டும் காதில் விழ, இருந்துவிட்டேன் என்கிறாள் என்று நினைத்து நான் கிளச்சை விட்டேன். மதகு தாண்டப்போகிற நேரத்தில் நீ திரும்பிப் பார்த்துவிட்டு, "அப்பா, அம்மா கீழ கிடக்காங்க. அவங்க இருக்கச் சொன்னாங்கல்ல, நீங்க ஏன் போனீங்க?" என்று கேட்டாய்.

மகன், உன்னுடைய அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. நீயும் பிறகு கேட்கவில்லை. இன்றைக்கு எழுதுகிறேன். எனக்கு அவசரம். புது வண்டி, புது வாழ்க்கை, ஊர் பார்க்கிறது. அம்மாவின் குரல் காதில் விழுந்ததே தவிர, அம்மா என்ன சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை. அதைவிடப் பெரிய பிழை ஆஸ்பத்திரியில் விட்டேன். இடுப்பெலும்பு வெடித்து அவள் கட்டிலில் கிடக்கிறாள், பார்க்க வருகிற ஒவ்வொருவருக்கும் நான், "சீலை சிக்கிப்போட்டுது" என்று சொன்னேன். அவளுக்குக் கேட்கும் தூரத்தில் நின்றுதான் சொன்னேன். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்றைக்கு நான் வெட்கப்பட்டேன், ஆனால் அந்த வெட்கத்தை வெளியே விடவும் வெட்கப்பட்டேன்.

எலும்பு பொருந்தியது. ஆனால் வலது கால் முந்தி மாதிரி மடங்கவில்லை. பஸ்ஸின் படி அவளுக்கு உயரம். ஏறினாலும், அந்தக் காலத்துச் சனக்கூட்டத்தில், குன்றும் குழியுமான அந்தக் கிறவல் றோட்டில், மன்னார் வரைக்கும் நின்றுகொண்டு போக இடுப்பு விடாது. மோட்டார் சைக்கிள் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டேன் என்றுவிட்டாள். முன்பள்ளிக்கு மட்டும் ஊன்றுகோலோடு நடந்து போய் வந்தாள். ஆறு மாதத்தில் அடுத்த வகுப்புத் தொடங்கும், அதையும் தவறவிட்டால் அவளுடைய இடத்துக்கு வேறு ஆளை எடுப்பார்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த வேலை அவளுக்கு வெறும் வேலை இல்லை. முகாமில் பன்னிரண்டாம் வகுப்புவரை படித்துவிட்டு, மேலே படிக்க வழியில்லாமல், மற்றப் பிள்ளைகளுக்குச் சும்மா பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள். ஊருக்கு வந்து அவள் பெயருக்குப் பின்னால் ரீச்சர் என்று ஒட்டியபோது அவள் முகத்தை நான் பார்த்தேன். அதை உரித்து எடுத்தவன் நான் என்று ஆகிவிடக்கூடாது. எப்படியாவது அவளைப் பின்சீற்றில் ஏற்றவேண்டும் என்று முடிவெடுத்தேன்.

முதல் சீற்றை நானே செய்தேன். பழைய மெத்தை ஒன்றின் ஸ்பொஞ்சை வெட்டி, மூன்று தட்டாக அடுக்கி, மேலே கறுப்பு றெக்சின் இழுத்துக் கட்டினேன். பார்க்க மாப்பிள்ளைக் கதிரை மாதிரி இருந்தது. சோதித்துப் பார்க்காமல் மனுசியை ஏற்றக்கூடாது என்று நெல்மூட்டை ஒன்றைப் பின்னால் கட்டிக்கொண்டு பள்ளமடு வரைக்கும் ஓடிவந்தேன். மூட்டை அசையவில்லை. வீட்டு வாசலில் நிறுத்தி, எப்படி என்று பெருமையாகக் கேட்டேன். அம்மா ஊன்றுகோலைக் கொட்டிலின் கப்புத் தூணில் சாத்திவிட்டு வந்தாள். கையால் சீற்றை அமத்தினாள். கை அடிப்பலகையைப் போய்த் தொட்டது. பிறகு றெக்சினில் உள்ளங்கையை வைத்துவிட்டு உடனே எடுத்தாள், வெயிலில் அது அப்படிக் கொதித்துக் கிடந்தது. நெல்மூட்டையை ஒரு தரம் பார்த்தாள். "மூட்டை பேசாது. அதான் உங்களுக்கு வசதியா இருக்கு" என்றாள். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நான் கோபத்தில் அந்த மூட்டையைத் தனியே தூக்கிக்கொண்டு போய், அன்றைக்கு எனக்கும் முதுகு பிடித்தது.

இரண்டாவது சீற்றை வவுனியாவில் ஆயத்தமாக வாங்கினேன். பின்னால் சாய்மானம், பக்கத்தில் பளபளவென்று பிடி, மினுங்குகிற ஆணிகள். கலியாண வீட்டு மோட்டார் சைக்கிள் மாதிரி ஆகிவிட்டது. இந்த முறை அம்மா ஏறிப் பார்க்கச் சம்மதித்தாள், ஆனால் வண்டியை இரட்டை ஸ்ராண்டில் நிறுத்தினால்தான் ஏறுவேன் என்றாள். நிறுத்தினேன். அந்தச் சாய்மானத்தைப் பிடித்து உன்னி ஏறப் பார்த்தாள். அது அப்படியே ஒருபக்கம் சாய்ந்து அவள் கைக்கு வந்தது. சில்லுக்கு மேலிருக்கிற மட்காட்டில் இரண்டு சின்ன ஆணியால் பூட்டியிருந்தார்கள், நான் குனிந்து பார்க்கவில்லை. சீற்றும் முன்பக்கம் சரிவு. அதில் இருக்கிற ஆள் ஒவ்வொரு பிறேக்குக்கும் வழுக்கிவந்து ஓடுபவனின் முதுகில் மோத வேண்டியதுதான். அம்மா கையில் இருந்த சாய்மானத்தை என்னிடம் நீட்டினாள். "சீட்டு சரியில்லைங்கிறது இல்லைங்க. நீங்க கேக்க மாட்டேங்கிறீங்க" என்றாள். நான் அப்போதும் என்ன நினைத்தேன் தெரியுமா? ஆணி பெரிதாகப் போட்டால் சரிவரும் என்று நினைத்தேன்.

அந்தச் சீற்றைத் தூக்கிக்கொண்டுதான் உப்புக்குளத்தில் நியாஸிடம் போனேன். நியாஸை உனக்குத் தெரியும், உன்னுடைய கலியாணத்துக்கு முதல் ஆளாக வருகிறேன் என்று நிற்கிறான். அப்போது அவனும் அகதியாக இருந்த புத்தளத்திலிருந்து திரும்பி வந்து, ஓட்டோவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் சீற் கட்டுகிற கடை போட்டுச் சில மாதம்தான். என் வயதுதான். சீற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் யார் இருப்பது என்று கேட்டான். மனுசி என்றேன். அவ எங்கே என்று கேட்டான். வீட்டில் என்றேன். அப்படியென்றால் தான் யாருக்கு அளவெடுப்பது என்று கேட்டான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மச்சான், நீ எப்பயாச்சும் பின்னால இருந்து போயிருக்கியா?" என்றான். யோசித்துப் பார்த்தேன். சைக்கிள் காலத்திலிருந்து நான் எப்போதும் முன்னால்தான். அவன் கடைக் கதவைச் சாத்திவிட்டு, தன்னுடைய மோட்டார் சைக்கிளில், நான் கொண்டுபோன அந்தச் சரிவுச் சீற் மாதிரியே ஒன்று பூட்டிய மோட்டார் சைக்கிளில், என்னைப் பின்னால் ஏறச் சொன்னான். தலைமன்னார் றோட்டால் விட்டான்.

நியாஸ் வேகமாக ஓடவில்லை. ஆனால் முன்னால் அவனுடைய அகன்ற முதுகுதான் தெரிகிறது, றோட்டுத் தெரியவில்லை. குழி வருவது எனக்குத் தெரியாது, விழுந்த பிறகுதான் தெரியும். மாடு குறுக்கே வருவது தெரியாது, பிறேக் பிடித்து அவனுடைய தோளில் என் மூக்கு இடித்த பிறகுதான் தெரியும். பிடிக்க ஒன்றும் இல்லாமல் அவன் சேட்டை இறுக்கிப் பிடித்ததில் இரண்டு பொத்தான் தெறித்தது. கால்கள் வைக்கும் கம்பி உயரத்தில் இருந்ததால் முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வந்தது. அரைவழியில் நான் "நிப்பாட்டு, நிப்பாட்டு" என்று கத்தினேன். காற்றில் அவனுக்குக் கேட்கவில்லை, அல்லது கேட்காத மாதிரி ஓடினான். எருக்கலம்பிட்டிச் சந்தியில்தான் நிறுத்தினான். எட்டு மாதத்துக்கு முதல் "இருங்க" என்று சொன்னபோது அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அந்தச் சந்தியில் நின்றுதான் எனக்கு உறைத்தது. நியாஸ் தன் சேட்டில் பொத்தானைத் தேடிக்கொண்டே, வீட்டுக்குப் போய் அவவைக் கதிரையில் இருத்தி, கேட்டு, அளவெடுத்துக்கொண்டு வா என்றான்.

அன்றைக்குப் பின்னேரம் நான் அளவுநாடாவோடு அம்மாவுக்கு முன்னால் நிலத்தில் இருந்தேன். அவள் கதிரையில். முழங்காலிலிருந்து குதிவரை எவ்வளவு, கால் எவ்வளவு அகலத்துக்கு விரியும், எங்கே நோகத் தொடங்கும், எவ்வளவு நேரத்தில் தொடங்கும், முதுகில் எந்த இடத்தில் தாங்கினால் சுகம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். கலியாணம் கட்டிப் பத்து வருடத்துக்கு மேல், அவளிடம் நான் இத்தனை கேள்வி அதுவரை கேட்டதில்லை. அவள் முதலில் ஒரு சொல், இரண்டு சொல்லில் சொன்னாள். பிறகு சொல்லத் தொடங்கினாள் பார், விளக்கு வைக்கிற நேரம் வந்துவிட்டது. ஒரு பக்கமாக இருந்தால் இடுப்பு முறுகுகிறது, கால் இரண்டு பக்கமும் போட்டு இருக்கவேண்டும், சீலை சரிவராது, சுடிதார் போடுவேன், ஊர் பேசினால் பேசட்டும் என்றாள். சீற்றின் முன்பகுதி ஒடுக்கமாக இருந்தால்தான் வலது தொடை விரியாமல் தொங்கும், பின்பகுதி அகலமாக இருக்கட்டும் என்றாள். எல்லாம் எழுதி முடித்த பிறகு நான் நாடாவைச் சுருட்டிக்கொண்டு, "சீலை சிக்கேல்ல. நான்தான் கேக்கேல்ல" என்றேன். அம்மா என் கையிலிருந்த கடதாசியை வாங்கி, நான் தவறாக எழுதியிருந்த ஒரு அளவைத் திருத்தித் தந்தாள். மன்னித்தாள் என்று எனக்கு விளங்கிவிட்டது. நான் வெளியே போய்க் கிணற்றடியில் நின்று அழுதேன், நீ பார்த்தாய், தூசி என்று சொன்னேன்.

இனி நீ அனுப்பிய படங்களுக்கு வருகிறேன். முதலாவது, வால்பக்கம் வானத்தைப் பார்த்து நிற்கிற அந்த ஒடுக்கமான சீற், பார்வைக்கு வடிவு, அதை வேண்டாம் என்கிறேன். அதில் இருக்கிறவள் உன் தலைக்கு மேலே கொக்கு மாதிரிக் குந்தியிருப்பாள், காற்று முழுக்க அவளுக்குத்தான். முன்பக்கச் சரிவு வேறு. மன்னார்ப் பாலத்தில் கச்சான் காற்றுப் பக்கவாட்டில் அடிக்கிறபோது அப்படி இருந்து பார்த்தால் தெரியும். இரண்டாவது, சோபா மாதிரிப் புசுபுசுவென்று இருக்கிறது. அதை விரலால் அமத்தாதே, முழங்காலை ஊன்றி உன் பாரம் முழுவதையும் போட்டு அமத்து. அடிப்பலகை தட்டுப்பட்டால், அது தம்புள்ளவுக்கு முன்னமே பலகையாகிவிடும். மெத்தென்ற சீற் கடைவாசலில் சுகம், தூர ஓட்டத்தில் இறுக்கமான ஸ்பொஞ்ச்தான் ஆளைத் தாங்கும். மூன்றாவது கொஞ்சம் அழகில்லாமல், தட்டையாக, சொரசொரத் துணி போட்டு இருக்கிறது. எனக்குப் பிடித்தது அதுதான், ஆனால் எனக்குப் பிடித்து என்ன? சாய்மானமும் பிடியும் எங்கே பூட்டியிருக்கிறது என்று குனிந்து பார். வண்டியின் சட்டத்தில் பூட்டியிருந்தால் சரி, மட்காட்டிலோ பெட்டியிலோ பூட்டியிருந்தால் உன் அப்பனை நினைத்துக்கொள். கால் கம்பியில் பாதம் முழுதாகப் பதியவேண்டும், முழங்கால் இடுப்புக்கு மேலே வரக்கூடாது, சைலன்சரில் கால் படக்கூடாது. இவ்வளவும் பார்த்த பிறகும் வாங்காதே. அவளை ஏற்றிக்கொண்டு ஒரு மணித்தியாலம் ஓடு. முதல் பத்து நிமிடத்தில் எந்தச் சீற்றும் நல்ல சீற்தான்.

எங்கள் சீற்றை நியாஸ் இரண்டு கிழமையில் கட்டினான். சாய்மானம் சட்டத்தோடு ஒட்டவைத்தது, ஒரு கொண்டியைக் கழற்றினால் பின்னால் மடியும், அம்மா காலைத் தூக்கிச் சுழற்றாமல் ஏறலாம். இரண்டு பக்கமும் பிடி. வெயிலில் கொதிக்காத சாம்பல் நிறத் துணி. வாசலில் ஏறுவதற்கு இரண்டு சீமெந்துக் கல்லை அடுக்கி நான் ஒரு படி கட்டினேன். அது இப்போதும் நிற்கிறது, நீ லீவில் வந்தால் அதில்தான் குந்தியிருந்து தேத்தண்ணி குடிக்கிறாய். அடுத்த வகுப்புத் தொடங்குகிற சனிக்கிழமை காலை, அம்மா நீல நிறச் சுடிதாரோடு வந்தாள். வேலிகளில் தலைகள் தெரிந்தன. நீ தாங்கிமேல் ஏறவில்லை, மதகில் போய் நின்று பார்க்கிறேன் என்று ஓடிவிட்டாய். கிளச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலையும் நிலத்தில் ஊன்றிக்கொண்டு நான் இருந்தேன். பின்னால் சீற் அமர்ந்தது. கொண்டி விழுகிற சத்தம் கேட்டது. இரண்டு கிழமையாக வாய்க்குள் சொல்லிப் பழகி வைத்திருந்ததை அப்போது கேட்டேன்.

"உக்காந்தாச்சா?"

நான் திரும்பவில்லை, அசையவும் இல்லை. அவள் சிரிக்கிறாள் என்று முதுகுக்குத் தெரிந்தது. பிறகு ஒவ்வொரு எழுத்தாக, புதுப் பாடம் சொல்லுகிற பிள்ளை மாதிரிச் சொன்னாள்.

"இருந்திட்டன். போங்கோ."

மகன், அவ்வளவுதான். என்னுடைய சொல்லை அவள் எடுத்துக்கொண்டாள், அவளுடைய சொல்லை நான் எடுத்துக்கொண்டேன். மதகில் நீ நின்று இரண்டு கையையும் தூக்கிக் கத்தினாய். விடத்தல்தீவு தாண்டும்வரை நான் "குழி", "மேடு", "பிறேக்" என்று வாயால் சொல்லிக்கொண்டே ஓடினேன். மாந்தைச் சந்திக்குக் கிட்ட, "நானும் எட்டிப் பாத்துட்டுதான் வர்றேன், குழி எனக்கும் தெரியுது" என்று அவள் சொன்னாள், அதன் பிறகு வாயை மூடிக்கொண்டேன். தள்ளாடிச் சோதனைச் சாவடியில் பின்னால் வருகிறவர்கள் இறங்கி நடக்கவேண்டும். அம்மா இறங்கப் பார்த்தபோது அங்கே நின்ற ஆமிக்காரப் பெடியன் அவளுடைய காலைப் பார்த்தான், சீற்றைப் பார்த்தான், கையால் ஒரு தரம் அமத்திப் பார்த்துவிட்டு "ஹொந்தாய்" என்று சொல்லி, இருந்தபடியே போகச் சொன்னான். அவனுடைய மொழியில் நல்லது என்று அர்த்தம். அதுவும் எங்களுக்கு ஒரு சான்றிதழ்தான். பாலத்தில் ஏறியதும் காற்று வந்து அடித்தது. அவள் பிடியை விட்டுவிட்டு, சாய்மானத்தில் நன்றாகச் சாய்ந்து, இரண்டு கையாலும் தலையிலிருந்து பறக்கப் பார்த்த சால்வையைச் சரிசெய்தாள். நடுக்கடலில், பாலத்துக்கு மேலே, கை விட்டுவிட்டு! கண்ணாடியில் அதைப் பார்த்த எனக்கு உலகத்தையே வென்ற மாதிரி இருந்தது. வகுப்புக்கு அவள்தான் அன்றைக்கு முதல் ஆள். பஸ்ஸில் வந்தவர்கள் அரை மணித்தியாலம் கழித்துத்தான் வந்தார்கள்.

இரண்டு வருடம், மழைக்கும் வெயிலுக்கும், ஒரு சனிக்கிழமையும் விடவில்லை. சான்றிதழ் வாங்கப் போனபோது மேடைப்படியில் கைத்தடி இல்லாமல் ஏறினாள். சுடிதார் பற்றிப் பேசிய வேலிகள் எல்லாம் தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து அவளிடம் சேர்த்தன. ஊரில் இரண்டு மனுசிமார் நியாஸிடம் போய், ரீச்சருக்குக் கட்டின மாதிரி எங்களுக்கும் கட்டித் தா என்று கேட்டு, தங்கள் தங்கள் அளவைத் தாங்களே சொல்லிக் கட்டிக்கொண்டு வந்தார்கள். இன்றைக்கும் அம்மா வீட்டில் "உக்காருங்க" என்றுதான் பேசுகிறாள், முகாம் பேச்சு அப்படியே இருக்கிறது. பின்சீற்றில் ஏறினால் மட்டும் இருந்திட்டன். நானும் வேறெங்கும் உக்காந்தாச்சா என்று கேட்பதில்லை.

இப்போது ஏன் இதையெல்லாம் எழுதினேன் என்று சொல்கிறேன். படங்கள் வந்த அன்றைக்கே அம்மா உனக்குச் சொல்லாமல் மருமகளுக்குத் தொலைபேசி எடுத்து, உன்னுடைய வண்டிக்கு அவளுடைய அளவு வேண்டும் என்று கேட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பிள்ளை, "இருங்க அத்தை, டேப்பு எடுத்தாறேன்" என்றது. அம்மா தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். "கேட்டீங்களா?" என்றாள். மலையகத்துப் பிள்ளை. அவளுக்கும் இருங்க என்றால் நில்லுங்கள்தான். நீயோ எட்டு வயதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டு, என்னைவிட மோசமான மன்னார்க்காரனாக வந்திருக்கிறாய். மலைவளைவில் ஒரு பக்கம் பள்ளம், அவள் பின்னால் ஏறிக்கொண்டே இருங்க என்கிறாள் என்று வைத்துக்கொள். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை, எழுத இருந்துவிட்டேன்.

அவளுடைய அளவுகளை அம்மா தன் கையெழுத்தில் எழுதி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறாள். நீண்டநேரம் இருந்தால் இடது முழங்கால் மரத்துப்போகுமாம், அது உனக்குத் தெரியுமா? ஓடர் கொடுக்காதே. சனிக்கிழமை வண்டியைக் கொண்டு வா, வீட்டிலிருந்து போகிற வழியில் நியாஸ் தன் கடையில் இதே மாதிரி மூன்று சீற்றையும் மாற்றி மாற்றிப் பூட்டித் தருகிறேன் என்கிறான். அட்டன் பிள்ளை வரும்வரைக்கும் அவளுடைய இடத்தில் இருந்து பார்க்கிற உரிமை தனக்குத்தான் என்று அம்மா சொல்லிவிட்டாள். நீலச் சுடிதாரைத் தோய்த்துக் காயப்போட்டும் ஆகிவிட்டது. கட்டுக்கரைக் குளத்துக்குப் போய் வரவேண்டுமாம், அவ்வளவு தூரம் ஓடினால்தான் சீற்றைப் பற்றிச் சொல்லலாமாம். சீமெந்துப் படிக்குப் பக்கத்தில் நிறுத்து. இரண்டு காலையும் நிலத்தில் ஊன்று. அன்றைக்குத் தாங்கிமேல் இருந்து என்னிடம் கேள்வி கேட்டாயே, அந்தத் தமிழில், ஏறி முடிந்ததா என்று அம்மாவிடம் கேள். அவள் போகச் சொன்ன பிறகு போ.

அன்புடன்,
முன்சீற்றில் இருக்கிற உன் அப்பா